கார்ப்பத்தோசில் பறந்த வேட்டி

இன்டர்லாக்கன்,
23.11.1997

பெருமதிப்புக்குரிய மைத்துனர் மகேஸ்வரன் அவர்கட்கு, தங்கள் தங்கையின் கணவன் சச்சிதானந்தன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் உங்கள் தங்கை சுசீலாதேவியும் மகள் பிரியதர்சினியும் கண்ணகை அம்மன் துணையால் சுகமாக இருக்கிறோம். என்னுடைய மானம் ஒன்றுக்குத்தான் கொஞ்சம் சுகமில்லை. ஆவணியில் எழுதவேண்டிய கடிதத்தைக் கார்த்திகையில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். வெட்கம் ஆறட்டும் என்று காத்திருந்தேன். அது ஆறுவதாகக் காணோம். வேறு யார் வாயாலாவது நீங்கள் கேட்கும்போது வேட்டி இன்னும் உயரமாகப் பறந்திருக்கும் என்பதால் நானே எழுதிவிடுகிறேன்.

சென்ற கடிதத்தில் நீங்கள், "பிள்ளை விரும்பியிருக்கும் அந்தக் கிரேக்கப் பொடியனின் ஊருக்கு நீரே நேரில் போய், தாய் தகப்பன் முகத்துக்கு நேரே, இது சரிவராது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வாரும்" என்று எழுதியிருந்தீர்கள். மரியாதை என்ற சொல்லுக்குக் கீழே கோடும் போட்டிருந்தீர்கள். அந்தக் கோட்டை நம்பித்தான் நான் வேட்டி கட்டினேன். கப்பலாலே இறங்கும்போதே பிரியா சொன்னாள், "அப்பா, அந்த ஊரில காத்து அதிகம், வேட்டி வேணாம், களிசானே போடுங்க" என்று. "கடற்கரையில பிறந்தவனுக்குக் காத்தைக் காட்டாத புள்ள" என்றேன். மச்சான், அது நம்முடைய ஊர்க் காற்று மாதிரி வந்து போகிற காற்று இல்லை, அங்கேயே குடியிருக்கிற காற்று. மலை உச்சியில் அவர்களுடைய கிராமத்து வாசலில் வான் வண்டியிலிருந்து இறங்கி, "வணக்கம்" என்று இரண்டு கையையும் தூக்கினேனோ இல்லையோ, இடுப்பில் ஒரு குளிர்ச்சி. குனிந்து பார்த்தால் வேட்டி இல்லை. நிமிர்ந்து பார்த்தால் அது எனக்கு முன்னமே ஊருக்குள் போய்க்கொண்டிருக்கிறது. நல்ல காலம், உள்ளே முழுநீளக் குளிர்க் களிசான் போட்டிருந்தேன். கோடை வெயிலில் அதை ஏன் போட்டாய் என்று கேட்காதீர்கள், சுவிசில் இருக்கிறவனுக்கு அது இரண்டாவது தோல். சாம்பல் நிறம், முழங்காலில் ஒரு தையல். அந்தக் கோலத்தில்தான் பொடியனின் தாயை முதன்முதல் சந்தித்தேன்.

வேட்டி போய் ஒரு பழைய காற்றாலையின் கையில் மாட்டிக்கொண்டு கொடிமாதிரி ஆடிற்று. அந்தப் பொடியன், பெயர் மினாஸ், இன்டர்லாக்கனில் தச்சுப்பட்டறையில் வேலை, பிரியா வேலை செய்யும் வயோதிபர் இல்லத்துக்குக் கதவு பொருத்த வந்தவன் இன்னும் பொருத்தி முடிக்கவில்லை என்று ஏற்கெனவே எழுதியிருந்தேன், அவன் ஓடிப்போய் ஏறி அதை எடுத்து, நாலாக மடித்து, இரண்டு கையாலும் தந்தான். தரும்போது கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதுதான் எனக்குக் கோபம். ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்திருந்தால் அந்த இடத்திலேயே "சரிவராது" என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருப்பேன்.

நீங்கள் பூமிசாஸ்திரம் படிப்பித்தவர் என்பதால் இடத்தைப் பற்றியும் எழுதவேண்டும். கிரீத் என்ற பெரிய தீவுக்கும் ரோட்ஸ் என்ற தீவுக்கும் நடுவில், யாரோ கைதவறி விட்ட கத்திமாதிரி நீட்டாக, ஒடுக்கமாக ஒரு மலை கடலுக்குள் கிடக்கிறது. அதுதான் கார்ப்பத்தோஸ். அதன் வடக்கில், மலையின் முதுகெலும்பிலே ஒலிம்போஸ் என்ற இந்தக் கிராமம். ஒரு பக்கம் தவறினாலும் கடல், மற்றப் பக்கம் தவறினாலும் கடல். கீழே இவ்வளவு இடம் இருக்க ஏன் இஞ்ச ஏறி இருக்கிறீங்கள் என்று கேட்டேன். கடற்கொள்ளைக்காரருக்குப் பயந்து ஏறினார்களாம். "கொள்ளைக்காரர் போய் எவ்வளவு காலம், இறங்கலாம்தானே?" என்றேன். மினாஸ் யோசித்துவிட்டு, "இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாங்க" என்றான். நீங்கள் இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்பிய மகா அலெக்சாந்தரைப் பற்றி அங்கே ஒருவரும் கதைக்கவில்லை. துருக்கிக்காரர் வந்ததாம், பிறகு இத்தாலிக்காரர் வந்ததாம், நாற்பத்தெட்டில்தான் கிரேக்கத்தோடு சேர்ந்ததாம். நமக்குச் சுதந்திரம் கிடைத்த அதே வருடம்! "பிறகு எப்பிடி?" என்று கேட்டார்கள். நான் இன்னும் கொஞ்சம் வெண்டிக்காயை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

வெண்டிக்காய் என்றதும் ஞாபகம் வருகிறது. இறைச்சியும் வைனுமாக வைத்து நம்மைத் தீட்டாக்கப் போகிறார்கள் என்று பயந்து, உங்கள் தங்கை பருப்பும் அரிசியும் மிளகாய்த்தூளும் பெட்டி நிறையக் கட்டிக்கொண்டு வந்தவ. போய்ப் பார்த்தால் ஊர் முழுக்க விரதம்! தங்களுடைய அம்மனின், மேரி மாதாவைத்தான் சொல்கிறேன், திருநாள் வருகிறதாம், அதுவரைக்கும் மச்சமும் இல்லை, இறைச்சியும் இல்லை, பாலும் இல்லை. கடலையும் கீரையும் ஒலிவெண்ணெயில் வெண்டிக்காயும்தான். நம்முடைய கண்ணகை அம்மன் சடங்கு நாட்களிலும் களவாகக் கருவாடு தின்கிற நான், ஐரோப்பாவிலே போய் ஒழுங்காக விரதம் பிடித்தேன். சுசீலா என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் போட ஏலாது.

மறுகா இன்னொன்று, அங்கே பொம்பிளைகள் முழங்கால் வரைக்கும் ஆட்டுத்தோல் சப்பாத்துப் போட்டு, தலையில துண்டு கட்டி, விறகு சுமந்து, வெளியில இருக்கிற பெரிய மண் அடுப்பில ஊருக்கே பாண் சுடுகிறார்கள். ஆம்பிளைகள் கோப்பிக் கடையில இருந்து காத்தைப் பற்றிக் கதைக்கிறார்கள். மினாசின் தாய், பெயர் கலியோப்பி, வந்த அன்றைக்கே சுசீலாவின் கையைப் பிடித்து அடுப்படிக்குக் கொண்டு போய்விட்டா. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. ஆனால் பின்நேரம் பார்த்தால் உங்கட தங்கச்சி சேலைக்குக் கீழே அந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, மாப்பிசைந்த கையோடு, என்னைப் பார்த்து "என்ன பாக்கிறீங்க, விறகைத் தூக்குங்க" என்கிறா. நான் தூக்கினேன். மரியாதைக்குக் கீழே போட்ட கோடு எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். எத்தனையோ தரம் தொண்டையைச் செருமினேன். ஆனால் நான் தமிழில் சொல்ல, பிரியா அதை ஜெர்மனில் மினாசுக்குச் சொல்ல, அவன் கிரேக்கத்தில் தாய்க்குச் சொல்லவேண்டும். நான் "இரு வேறு பண்பாடுகள், இரு வேறு சமயங்கள்" என்று பந்திபந்தியாகத் தொடங்கினால், அது பிரியாவிடம் ஒரு வசனமாகி, மினாசிடம் ஒரு சொல்லாகி, கலியோப்பியிடம் போய்ச் சேரும்போது ஒரு தலையாட்டலாக இருந்தது. உடனே அவ ஒரு கோப்பை சாப்பாட்டைக் கொண்டுவந்து வைப்பா. "அப்பாக்குப் பசிக்குதாம் எண்டா சொன்னனீ?" என்று கேட்டேன். "இல்லப்பா, நீங்க சொன்னதைத்தான் சொன்னன். ஆனா பாருங்க, முகத்தில பசிதான் இருக்கு" என்கிறாள் உங்கட மருமகள்.

சம்பந்தி (அவசரத்தில் சம்பந்தி என்று எழுதிவிட்டேன், "அந்த மனிதர்" என்று திருத்தி வாசிக்கவும்) ஒரு பாவம். வீடு ஒரே அறை. நடுவில ஒரு மரத்தூண், சுவர் முழுக்க அழகுக்கு மட்டும் மாட்டின, சாப்பிடக்கூடாத பீங்கான்கள், ஒரு பக்கம் உயரமாக மரமேடை, எல்லாரும் அதிலதான் படுக்கை. எல்லாரும் மேடையிலே ஏறிச் சப்பாணி கட்டி இருப்பார்கள், அவர் மட்டும் கதவோரம் ஒரு கதிரையின் நுனியில் இருப்பார். ஒலிவங்காய் ஒன்று எடுக்கவும் பெண்சாதியின் முகத்தைப் பார்ப்பார். இந்த வயதிலும் இப்படி ஒரு பயந்த மனுசனா என்று நான் பிரியாவிடம் சொல்லிச் சிரித்தேன். சுசீலா என்னை மேலும் கீழும் பார்த்தா. ஏன் பார்த்தா என்று அப்போது விளங்கவில்லை.

திருநாள் அன்றைக்குத்தான் சங்கதி நடந்தது. கோயிலில் பூசை, மாதா இறந்த நாள் என்று அழுகை, எல்லாம் முடிந்து முற்றத்தில் ஊர்ச்சாப்பாடு. மினாசின் மூத்த அக்கா வந்து நின்றா பாருங்கள், கழுத்திலிருந்து வயிறுவரை பொற்காசு தைத்த சட்டை. நம்முடைய தாலிக்கொடி எல்லாம் வெட்கப்பட்டுச் சேலைக்குள்ளே போய்விடும். பிறகு ஆம்பிளைகள் மேசையைச் சுற்றி இருந்தார்கள். ஒருவர் ஒரு சின்ன நரம்பு வாத்தியத்தை மடியில் வைத்து வில்லால் இழுக்க, இன்னொருவர் ஒரு முழு ஆட்டுத்தோலை ஊத, அந்த ஆடு திரும்ப உயிர்வந்து அழுகிற மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கு ஆளையாள் பார்த்து இரண்டிரண்டு வரி அந்த இடத்திலேயே கட்டிப் பாடுகிறார்கள். பாடினவனுக்கு எதிரில் இருக்கிறவன் பதில் பாடவேண்டும். நான் நல்ல ரசனையோடு தலையாட்டிக்கொண்டிருந்தேன். அப்போது கதிரை நுனியில் இருந்த அந்தப் பயந்த மனிதர் என்னை நேரே பார்த்துப் பாடத் தொடங்கினார். பிரியா காதுக்குள்ளே சொன்னாள்:

கடல்கடந்து போன குருவி கூடு தேடுது,
காற்றே நீ மெல்லவீசு, அது களைத்து வருகுது.

முற்றம் முழுக்க என்னையே பார்க்கிறது. "அப்பா, பதில் பாடோணும், இல்லாட்டி மரியாதை இல்ல" என்கிறாள். மரியாதை! எனக்குப் பாட்டென்று தெரிந்தது ஒன்றே ஒன்று. பள்ளிக்கூடத்துக்கு ஒளித்துக்கொண்டு வயலில் நெல்லுச் சூடு மிதிக்கப் போன காலத்தில் மாட்டுக்குப் பின்னால் நடந்து பாடின பொலிப்பாட்டு. ஆனால் மூளை வேலை செய்தது மச்சான். இதுதான் தருணம், மொழிபெயர்த்துச் சின்னனாக்க ஏலாதபடி, ஊர் முழுக்கக் கேட்க, பாட்டாலேயே மறுத்துவிடுவோம் என்று முடிவெடுத்தேன். இவங்கட பொடியன் என்ட பிள்ளையை இந்தக் கல்லுமலைக்குக் கொண்டுவந்து சப்பாத்துப் போட்டு விறகு தூக்கவைக்கவோ? எழும்பி நின்று, ஒரு கையைக் காதில வைத்து, வயலுக்கு அங்கால கேட்கிற குரலில் எடுத்தேன்:

பொலியோ பொலி!
என்ட பட்டிக் கிடாரி எட்டூரு போகாது,
ஏலுமெண்டா உன்ட காளை இஞ்ச வரட்டுமே!

கடைசி வரியை அவருக்கு நேரே விரலை நீட்டிப் பாடினேன். பட்டி, கிடாரி, காளை என்று எல்லாவற்றையும் பிரியா ஒழுங்காக ஜெர்மனில் சொன்னாள். இந்த முறை ஒரு சொல்லும் விடவில்லை. மினாஸ் வெளிறிப்போய்க் கிரேக்கத்தில் சொன்னான். சண்டை வரப்போகுது என்று நான் சுசீலாவைத் தேடினேன். பிறகு மேசை அதிரக் கைதட்டு! கிழவன்மார் கண்ணைத் துடைக்கிறாங்கள். அந்த மனிதர் கதிரை விழ எழும்பிவந்து எனக்கு இரண்டு கன்னத்திலும் கொஞ்சிவிட்டார். மீசை குத்தினது இன்னும் ஞாபகம். என்னை அவமானப்படுத்திறாங்களோ, வாழ்த்துறாங்களோ, ஒண்டும் விளங்கல்ல.

கலியோப்பி கையைத் துடைத்துக்கொண்டு வந்து எனக்கு முன்னால இருந்தா. "இதைச் சொல்லவா இவ்வளவு நாள் தொண்டையைச் செருமினீங்க? அதுதானே முறை" என்றா. "என்ட வீடு என்ட மூத்த மகளுக்கு. எனக்கு என்ட தாய் தந்தது. இவன் மூணாவது பொடியன், இவனுக்கு இஞ்ச ஒரு ஆணி அடிக்கவும் இடமில்ல. ஆம்பிளை பொம்பிளை வீட்டுக்குத்தான் போறது. அந்தா கதவோரம் இருக்கிற மனுசனும் என்ட வீட்டுக்கு வந்தவர்தான். உங்கட பிள்ளையை இஞ்ச ஆர் கேட்டது? சரி, சொல்லுங்க, பிள்ளைட வீடு எங்க?"

மச்சான், பிள்ளைட வீடு எங்க எண்டு கேக்கிறா! உலகத்திலேயே மட்டக்களப்பாரைத் தவிர இப்பிடிக் கேக்கிற சனம் வேற இருக்கெண்டு நீங்க படிப்பிச்ச பூமிசாஸ்திரத்தில ஏன் இல்ல? இஞ்ச ஹோட்டல் குசினியில என்னோட கோப்பை கழுவுற யாழ்ப்பாணத்து நித்தியானந்தன், "உங்கட ஊரில மந்திரம் செய்து ஆம்பிளையளைப் பாயோட ஒட்டிப்போடுவினமாம், உண்மையோ அண்ணை?" எண்டு நாள்முழுக்க என்னை நெளிச்சுச் சிரிக்கிறவன். அவனுக்கு இனி ஒரு முழுத் தீவையே காட்டலாம். ஆனா அந்த நேரம் எனக்குச் சிரிப்பு வரல்ல. அவ கேட்ட கேள்வி உங்கட தாய், என்ட மாமியார், சம்பந்தம் பேச வந்தவங்களிட்ட நிமிர்ந்து நிண்டு சொன்ன பதிலுக்கான கேள்வியல்லவா? "என்ட மகளுக்கு வீடு இருக்கு" எண்டு. என்ட வாயும் தானாத் திறந்திட்டு. "இருக்கு" என்றேன். "களுவாஞ்சிக்குடியில. தாய்ட வீடு. பிரியாவுக்குத்தான்."

சொன்ன பிறகுதான் புத்தி வந்தது. மறுக்க வந்த இடத்திலே சீதனம் பேசிக்கொண்டிருக்கிறேன்! உடனே திருத்தினேன். வீடு இருக்கு, ஆனால் ஷெல் விழுந்து தென்கிழக்கு மூலையில் கூரை இல்லை, ஒரு வருடத்து மழை உள்ளே பெய்துவிட்டது, நாங்கள் எப்போது போவோம் என்று அம்மனுக்கும் தெரியாது, இன்டர்லாக்கனில் இருப்பது மூன்று அறை, அதுவும் வாடகை, ஆகவே வந்து ஏற இடமில்லை, ஆகவே சரிவராது. மரியாதையாகவே சொன்னேன். பிரியா அதை ஜெர்மனில் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. கலியோப்பி உடனே எழும்பி வீட்டுக்குள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டா.

அத்தோடு கதை முடிந்தது. பிள்ளையை அந்தத் தீவுக்கு அனுப்பமாட்டேன் என்று சொன்னேன், சொன்ன சொல்லில் நிற்கிறேன். உங்கள் கட்டளையை நிறைவேற்றிவிட்டேன் என்பதை இதன்மூலம் அறியத்தருகிறேன். நம்முடைய இராசம்மா மாமிக்கு இதை இரண்டு தரம் வாசித்துக் காட்டவும், வேட்டிப் பகுதியை விட்டுவிட்டு வாசித்தால் உதவியாக இருக்கும். "பிள்ளையை வெள்ளைக்காரன் கொண்டு போகப்போறான்" என்று அவ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவதாகக் கேள்வி. ஒருவரும் கொண்டு போகவில்லை என்று சத்தமாகச் சொல்லவும்.

உங்களுக்கும் அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் சுகமும், ஊருக்கு அமைதியும், வயலுக்கு அளவான மழையும் அம்மன் தரவேண்டும் என்று தினமும் குசினியில் நின்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் அன்பு மைத்துனன்
சச்சிதானந்தன்

பின்குறிப்பு: மேலே உள்ளது எல்லாருக்கும் வாசித்துக் காட்ட. இனி உள்ளதை நீங்கள் மட்டும் வாசியுங்கள். மாமி பக்கத்தில் இருந்தால் தாளை மடியுங்கள்.

கலியோப்பி கதவைச் சாத்தினது கோபத்திலே இல்லை மச்சான். தன்ட தகப்பன்ட உளிப்பெட்டியைத் தேடிப் போயிருக்கிறா. கொண்டுவந்து மினாசின் மடியில வைத்து, "கூரைதானே? இவன் தச்சன்" என்றா. அவ்வளவுதான் பேச்சுவார்த்தை. கலியாண எழுத்து, பதிவுதான், போன கிழமை முடிந்தது. தாலி தையில், சுவிசிலே இருக்கிற நம்முடைய திரிம்பாக் கோயிலில. ஆகவே தயவுசெய்து அந்தத் தென்கிழக்கு மூலையின் நீள அகலத்தை அளந்து உடனே அனுப்பவும், கூரை வளைமரம் பனையோ தென்னையோ என்பதையும் எழுதவும். பொடியன் அல்ப்ஸ் மரத்திலே களுவாஞ்சிக்குடிக்குக் கூரை இணைக்கத் தொடங்கப் பார்க்கிறான், நான் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறேன்.

எழுத்து முடிந்த மறுநாளே உளிப்பெட்டியும் ஒரு சூட்கேசுமாக வந்து எங்கட வாசலில நிற்கிறான். தாலி கட்டும்வரை பொறுக்கவேண்டும் என்று அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவங்கட முறை அப்பிடி. சுசீலா, "கிடக்கட்டும், தை வரைக்கும் ஹோலில படுக்கட்டும்" என்று சொல்லி, அந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அவனுக்குப் புட்டு அவிக்கிறா. அவன் சோபாவின் நுனியிலே இருக்கிறான். குளிர்ப்பெட்டியைத் திறக்க எல்லாருடைய முகத்தையும் பார்க்கிறான். தாகம் என்று தெரியுது, கேட்கிறானில்லை. நான் உங்கட தாய் வீட்டுக்கு ஒரு தகரப் பெட்டியோட மாப்பிளையா வந்த கிழமை உங்களுக்கு ஞாபகமிருக்கோ தெரியாது. கேக்க வெட்கப்பட்டு, ஆருமில்லாத நேரம் பாத்துக் கிணத்தடியில போய்த் தண்ணி குடிச்சனான். அடுத்த நாள் நீங்க ஒரு செம்பில தண்ணி கொண்டுவந்து எனக்குப் பக்கத்தில வைச்சிட்டு, ஒண்டும் பேசாமப் போயிட்டீங்க.

நேற்று நானும் ஒரு கிளாசில தண்ணி கொண்டுபோய் அவனுக்குப் பக்கத்தில வைத்தேன். ஜெர்மனில சொல்லத் தெரியாததால் மட்டும் இல்லை, தமிழிலயும் வாய் வரவில்லை. வைத்துவிட்டு, அவன் கடலைப் பார்த்த மாதிரி நான் யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்ல இருந்தது இவ்வளவுதான்: மனே, இது உன்ட வீடுமில்ல, என்ட வீடுமில்ல, நாம ரெண்டு பேரும் வந்து ஏறின ஆக்கள்தான், குளிர்ப்பெட்டியைக் கேக்காமத் திற.